குந்தாணி தெரியாத வகுப்பறை

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ரயத்துவாரி முறை வருகிறது. தாமஸ் மன்றோ, 1820 என்று பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். அந்த முறைக்கு வெள்ளோட்டம் நடந்த மண்ணில்தான் கிருஷ்ணகிரி மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து குடியானவர்களுக்கு நேரடியாக வரி விதித்தார்கள்.

இந்தப் பாடத்தை நடத்த வீட்டிலிருக்கும் பழைய பட்டா நகல் ஒன்று போதும். சர்வே எண், பரப்பு, தீர்வை என ஒவ்வொரு கட்டத்தையும் மாணவரே படிக்கட்டும். சிப்காட் தொழிற்பேட்டைக்காக நிலம் கைமாறிய கதை ஓசூர்ப் பக்கம் பல வீடுகளில் உண்டு. தாத்தாவின் நிலம், அப்பாவின் ஷிப்ட் வேலை, நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி தானாக எழும்.

இப்படி நடத்தும் ஆசிரியர்களை நம் அமைப்பு உருவாக்குகிறதா?

சமூக அறிவியல் ஆசிரியராக பி.ஏ. வரலாறு, பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) இரண்டாம் தாள், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. அத்தனையும் தாண்டி வருபவர் வரலாற்றோடு புவியியல், குடிமையியல், பொருளியலும் எடுக்க வேண்டும். பணியாற்றப் போகும் மாவட்டத்தைப் பற்றி அவரிடம் எந்தத் தேர்வும் கேட்பதில்லை. வெளிமாவட்டத்திலிருந்து வருபவர், ஊர் பிடிபடும் முன்பே சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டுக் கலந்தாய்வில் நிற்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு வேறு வழி காட்டினார். பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் மூலம் மாணவர்களுக்குக் கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்தால் எழுத்து வெள்ளையாக மேலெழும். அந்த எழுத்தைக் கூட்டிப் படித்த பிள்ளைக்கு வரலாறு மனப்பாடச் சரக்காகத் தெரியாது.

கிருஷ்ணகிரியில் இப்படி நேரில் பார்த்துப் படிக்கும் சான்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. மல்லசந்திரம் மலையில் பழங்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகள் நிற்கின்றன. சின்னக்கொத்தூர் அருகே குந்தாணி, 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் ராமநாதனின் தலைநகர். கன்னட தேசத்து அரச மரபில் வந்த அவன் தமிழிலும் கல்வெட்டுகள் பொறித்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் ஓசூருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. எல்லைச் சண்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்டே வளரும் அவர்களுக்கு, இன்றைய மாநில எல்லைகள் இல்லாதிருந்த காலத்தையும் யாராவது காட்ட வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பறைக்குக் கொண்டுவரத் தடை மதிப்பெண்ணில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. சமூக அறிவியலில் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே. களத்துக்குப் போகும் ஆசிரியர், போர்ஷனை முடிக்காதவர் என்ற பேச்சையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

சமூக அறிவியலுக்கும் களப்பணிக்கென 25 மதிப்பெண்ணைப் பள்ளிக் கல்வித்துறை ஒதுக்க வேண்டும். அதை முதலில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே தொடங்கிப் பார்க்கலாம்.