மலைப்பாதையில் சைக்கிளோட்டம்: வருமுன் காப்பதே விவேகம்

தேயிலைத் தோட்டங்களினூடாக வளைந்து நெளிந்து செல்லும் மலையக வீதிகள் அண்மைக்காலமாக உள்நாட்டு, வெளிநாட்டுச் சைக்கிளோட்டிகளைப் பெரிதும் ஈர்த்து வருகின்றன. கண்டி ஹந்தானையில் ஆரம்பித்து நுவரெலியாவில் நிறைவுறும் பீகோ பாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கின்றது. இத்தகைய முயற்சிகளால் தோட்டப்புற இளைஞர்களுக்கு வருமானம் கிடைக்குமாயின் அது வரவேற்கத்தக்கதே. எனினும், பலர் ஒன்றுகூடிச் சவாரி செய்யும் நிகழ்வுகளுக்கு மலையக வீதிகளைத் தெரிவு செய்வோர், அவ்வீதிகளின் இயல்பை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும்.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா, ரதல்லையில் பாடசாலை மாணவர்களை ஏற்றிச் சென்ற பஸ், வேன் மற்றும் முச்சக்கர வண்டியுடன் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11 ஆம் திகதி றம்பொடை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் பலியாகினர். அதே ஆண்டு நவம்பரில் வீசிய டித்வா சூறாவளி, மண்சரிவுகளால் மலையகத்தையே நிலைகுலையச் செய்தது. எனவே, முன்னைய அனுபவத்தை நம்பி எவரும் பாதையைத் தீர்மானிக்கக்கூடாது. நிகழ்வுக்கு முதல் நாளும் அன்று அதிகாலையிலும் பாதை முழுவதும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

1,800 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து கம்பளை நோக்கி இறங்கும் ஒருவர் 1,000 மீற்றருக்கும் அதிகமாகக் கீழிறங்குகின்றார். தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். மழையில் நனைந்தால் பிரேக்கின் பிடி தளர்ந்துவிடும். வளைவுக்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறைப்பதும், முன்செல்பவருடன் போதிய இடைவெளி பேணுவதும், இறக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதும் அவசியமாகும். 2023 ஜூனில் சுவிற்சர்லாந்தின் அல்புலா மலைப்பாதையில் இறங்குகையில் விழுந்த ஜீனோ மேடர், கைதேர்ந்த தொழில்முறை வீரர். அவரையே பலிகொண்ட ஆபத்து, விடுமுறைச் சவாரிக்கு வருவோரை விட்டுவைக்குமா?

2024 செப்டெம்பரில் சூரிச் உலகப் போட்டியில் விழுந்த 18 வயது முரியல் ஃபுரர், காட்டோரத்தில் நீண்ட நேரம் எவர் கண்ணிலும் படாதிருந்து, மறுநாள் மரணமானார். தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத பள்ளத்தாக்குகள் நிறைந்த எமது மலைகளில் இது பெரும் எச்சரிக்கையாகும். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்களை எண்ணுவதும், இறுதியானவருக்குப் பின்னால் ஒரு வாகனம் வருவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கும் அண்மித்த வைத்தியசாலைகளுக்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும்.

இவையனைத்தையும் விட முக்கியமான ஒன்றுண்டு. இவ்வீதிகள் வெற்றுப் பந்தயத் திடல்கள் அல்ல. நடைபாதையற்ற வீதியோரத்தில் கொழுந்துக் கூடையுடன் நடப்பவரும், பாடசாலை விட்டு லயன்களுக்குத் திரும்பும் சிறார்களும் தலைக்கவசம் அணிந்தவர்கள் அல்லர். சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தோட்ட மக்கள் நகருக்கு வருகின்றனர். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் வீதிகள் ஜும்ஆவுக்குச் செல்வோரால் நிறைகின்றன. கோயில் தேர்த்திருவிழாக் காலங்களும் உள்ளன. நேர அட்டவணை இம்மக்களின் நாளாந்த வாழ்வைப் பார்த்தே வகுக்கப்பட வேண்டும். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் பலியான 7 பேருள் ஒரு சிறுமியும் அடங்குவார். வேடிக்கை பார்க்க வரும் குழந்தையின் பாதுகாப்பும் ஏற்பாட்டாளர்களின் பொறுப்பே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பொலிஸார், வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபைகள், தோட்ட நிர்வாகங்கள் ஆகியன ஒன்றுகூடி ஆராய்ந்த பின்னரே அனுமதி வழங்கப்பட வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். பனி எங்கே இறங்கும், கொழுந்து லொறி எந்த முடக்கில் திரும்பும் என்பதைத் தோட்டத்து இளைஞர்களை விட நன்கறிந்தவர் எவர்? அவர்களுக்கு உரிய கொடுப்பனவு வழங்கி, சந்திகளிலும் வளைவுகளிலும் கடமையில் ஈடுபடுத்தலாம். விருந்தினர் ஒரு நாள் வந்து செல்வர். அந்த வீதியிலேயே மறுநாளும் நடக்க வேண்டியவர்கள் எமது மக்கள். இரு சாராரும் நலமே வீடு திரும்பினால்தான் அந்நிகழ்வு வெற்றி பெற்றதாகக் கொள்ள முடியும்.