தீக்கு முன்னே வாருங்கள்: ஊவா மலையக மக்களின் கோரிக்கைச் சாசனம்

ஊவா மாகாணத்தின் தோட்டங்களிலும் கிராமங்களிலும் வாழ்கிற, கோயிலுக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போய்வருகிற நாங்கள் இந்தச் சாசனத்தை இரு தரப்பாரிடம் வைக்கிறோம். முதலில் எங்கள் மதத் தலைவர்களிடம், பிறகு அரசாங்கத்திடம். சாசனம் என்றாலே கச்சேரிக்கும் கொழும்புக்கும் எழுதுவதுதான் வழக்கம். இம்முறை வீட்டிலிருந்தே தொடங்குகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

1983 ஜூலை 27 அன்று பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பதினேழு ஆண்டு கழித்து, 2000 ஒக்டோபர் 25 காலையில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் இருந்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் பெருங்கும்பல் ஒன்று புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் கையில் ஆயுதமில்லாத தமிழ் இளைஞர்கள், சிறுவர்களும் இருந்தார்கள். வெட்டியும் அடித்தும் எரித்தும் குறைந்தது 27 பேர் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியோடு ஏறத்தாழ 60 பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்துக்குள் மேன்முறையீட்டில் ஐவரும் விடுதலையானார்கள். அத்தோடு வழக்கு முடிந்தது.

அந்தக் கும்பல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. முதல் நாளே முகாமில் பதற்றம். ஊரார் வெளியே கூடினார்கள். விடிவதற்குள் முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் சுவரேறிவிட்டன. ஆக, ஓர் இரவு முழுக்க அவகாசம் இருந்திருக்கிறது. பண்டாரவளையில் நான்கு மதத்து வழிபாட்டிடங்களும் உண்டு. பெரிய பிக்குவும் பாதரும் மௌலவியும் குருக்களும் அந்த முகாம் வாசலில் சேர்ந்து போய் நிற்பதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருந்திருந்தால்? எங்கள் முதல் கோரிக்கை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் நான்கு மதத்தாரும் சேர்ந்த ஒரு காவல் குழு வேண்டும். சர்வமதக் குழு என்றால் மேடையேறிக் குத்துவிளக்கேற்றிப் படம் எடுத்துக்கொள்வது என்று ஆகிப்போயிற்று. அந்தக் குழு எங்களுக்கு வேண்டாம். சந்தியில் ஒரு கைகலப்பு, பேஸ்புக்கில் ஒரு பொய், பஸ்ஸில் ஒரு தகராறு என்றால் நடுராத்திரியிலும் தொலைபேசியை எடுக்கிற குழு வேண்டும். வதந்தி எழுந்த அன்றே விகாரையின் ஒலிபெருக்கியும் கோயில் மைக்கும் ஒரே அறிவிப்பைச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லவேண்டும். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கவேண்டும். மலையில் கொழுந்து பறிக்கிற அக்காமாருக்குத் தெரியாத ஊர்ச்செய்தி தோட்டத்தில் கிடையாது.

இது ஆகாத காரியமல்ல, இதே மண்ணில் நடந்ததுதான். கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, வசதியான பதவியை விட்டுத் தாமே விரும்பி இங்கே வந்தார். குருமாணவர்களைக் கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு தங்கிப் படிக்கச் செய்தார். 2023இல், மலையக மக்கள் இலங்கை வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தை முன்னின்று நடத்தியவர்களில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் உண்டு. எங்கள் மாகாணத்துக் கதிர்காமத்திலோ, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வேடுவரும் ஒரே வளவில் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஆடியில் ஒன்றாகக் கும்பிட முடிந்தவர்கள் ஆபத்து வரும்போது ஒன்றாக நிற்கவும் முடியும்.

தன் கூட்டத்தை எதிர்த்துப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள் என்பது இரண்டாவது கோரிக்கை. மஹியங்கனை பிரதேச சபை உறுப்பினராக இருந்த வட்டரெக்க விஜித தேரர் முஸ்லிம்களுக்காகக் குரல் கொடுத்தார். 2014 ஏப்ரலில் அவருடைய ஊடகச் சந்திப்பைக் கும்பல் ஒன்று குழப்பியது. ஜூனில் பாணந்துறை அருகே கை கால் கட்டப்பட்டுக் காயங்களோடு கிடந்தார். பிறகு பொலிஸ் கைது செய்தது அவரைத்தான். அப்படி ஒருவர் வாய் திறந்தால், மறுநாளே எல்லா மதத்தாரும் அவர் பக்கத்தில் போய் உட்காரவேண்டும்.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். சாமி தூக்குவதில் சாதி பார்க்கிற கோயில்கள் தோட்டங்களில் இன்னும் உண்டு. முஸ்லிம் நானாமார் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த பொய்யை நாலு பேருக்கு அனுப்பிவைக்கிற தம்பிமாரும் உண்டு. அதை நிறுத்துவது கோயில் கமிட்டியின் வேலை. அடுத்த திருவிழாவுக்கு வரி தண்டுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை.

இனி அரசாங்கத்திடம். ஹல்துமுல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல ஆகிய பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் இரவும் பகலும் கடமையில் இருக்கவேண்டும். தான் சொன்னது என்ன, எழுதப்பட்டது என்ன என்று தெரியாமல் சிங்களத் தாளில் ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது. 2007இன் 56ஆம் இலக்கச் சட்டத்தில் இன, மத வெறுப்பைத் தூண்டுகிறவரைப் பிடிக்க ஒரு பிரிவு உண்டு. 2019இல் மஹியங்கனைக்கு அக்கரையில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடுப்பிலிருந்த கப்பல் சுக்கான் தர்மச்சக்கரம் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, அதே சட்டத்தின் கீழ் உள்ளே தள்ளப்பட்டார். சட்டம் கும்பலைத் தூண்டியவர்மேல் பாயட்டும், கும்பலுக்குப் பயந்தவர்மேல் அல்ல. பிந்துனுவெவயில் இறந்தவர்களின் பெயர் பொறித்த ஒரு கல்லும் நாட்டப்படவேண்டும்.

பாதுகாப்பு என்றால் கத்தியிலிருந்து மட்டுமல்ல, மலையிலிருந்தும்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். போகச் சொன்னார்கள், போக இடம் கொடுக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. கோயிலும் போயிற்று. 2025 நவம்பரில் டித்வா புயல் மறுபடியும் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தது. அபாயமுள்ள லயங்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு டிவிசனிலும் ஒட்டுங்கள். பட்டியலிலுள்ள குடும்பத்துக்கு அடுத்த மாரிக்கு முன்னே, உறுதியோடு, பத்திரமான காணி கொடுங்கள். தோட்டக் கம்பனி விடமாட்டேன் என்கிறது என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். குத்தகைக்கு விட்ட நிலம் அரசின் நிலம். மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் அதே காவல் குழுதான் மைக்கில் சொல்லிச் சனங்களை வெளியேற்றவேண்டும். காணியுள்ள மத நிறுவனங்களும், தங்கள் பங்காக, வீடிழந்தவர்களுக்கு ஒரு துண்டை விட்டுக்கொடுக்கவேண்டும். சோற்றுப் பார்சலும் பழைய உடுப்பும் கொண்டுவந்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைப் பூசையிலும் ஜும்மாவுக்குப் பிறகும் ஞாயிறு ஆராதனை முடிவிலும் இதைச் சத்தமாக வாசியுங்கள். சிங்களம் தெரிந்த பிள்ளையொன்றைக் கொண்டு மொழிபெயர்த்து, போயா தினத்தன்று பக்கத்து விகாரைக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் பிரிவுக் குழுவுக்கு நான்கு பெயரும் நான்கு தொலைபேசி இலக்கமும் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.