பந்தெடுத்த பெண்

“மணமான பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு?” என்னும் வினா நம் தங்கவயல் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் எழக் கேட்கிறோம். சென்னை மங்கை அனிதா பால்துரையின் வாழ்க்கையே அதற்குத் தக்க விடை என்போம்.

1985 இல் பிறந்த அவர், 19 ஆம் வயதிலேயே இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை ஏற்றார். ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் தொடர்ந்து 9 முறை ஆடினார். நம் நாட்டில் கூடைப்பந்தையே பிழைப்பாகக் கொள்ளுதல் அரிது. அவருக்குத் தென்னக இரயில்வேயின் பணி துணை நின்றது. தாயான பின்னரும் அவர் களம் புகுந்தார். 2017 இல், நம்மவர் நாள்தோறும் இரயிலேறிப் பிழைக்கச் செல்லும் அதே பெங்களூரில், இந்திய அணி ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் வாகை சூடிற்று. அவ்வணியில் அவரும் இருந்தார். 2021 இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

அன்பர்களே! நம் சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. இனி நம் பொன், நம் மக்களின் திறமையே. மாலையில் பந்தெடுத்துப் புறப்படும் மகளைத் தடுக்கவேண்டா. அவள் தாயான பின்னும் தடுக்கவேண்டா.