எண்ணெய் வயல்களும் எந்திரக் கரங்களும்

சவூதி அரேபியாவின் தஹ்ரானில் தம்மாம் ஏழாம் எண் கிணறு 1938ஆம் ஆண்டில் வணிக அளவில் எண்ணெய் வழங்கத் தொடங்கியது. அன்று முதல் எண்ணெய்த் தொழில் உடலுரம் மிக்கோரின் தொழிலாகவே வளர்ந்து வந்துள்ளது. ஏறத்தாழ முப்பது அடி நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி இணைப்போரும், கோபுரத்தின் உயரத்தில் நின்று அவற்றை அடுக்குவோரும் இன்றி ஒரு கிணற்றையும் தோண்ட இயலாதிருந்தது. பட்டம் பெறாதோர்க்கும் திறந்திருந்த பிழைப்பின் வாயில் அது.

அவ்வாயில் இன்று மெல்ல அடைபட்டு வருகின்றது. குழாய்களை முறுக்கும் பணியைப் பல இடங்களில் எந்திரங்களே ஏற்றுக்கொண்டுள்ளன. நார்வே நாட்டையொட்டிய வடகடலில், 2018ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய ஓசபர்க் எச் என்னும் எண்ணெய் மேடையில் ஆட்கள் தங்குவதில்லை. தங்கும் அறைகளும் அங்கில்லை. ஆங்கு எண்ணெய்த் தொழிலாளியோடு சமையற்காரருக்கும் துப்புரவாளருக்கும் வேலையில்லாது போயிற்று. ஈவார் ஆசன் என்னும் மற்றொரு மேடை, 2019ஆம் ஆண்டு முதல் கரையிலுள்ள டிரான்ஹெய்ம் நகரிலிருந்தே இயக்கப்பட்டது.

எனில், எந்திரமே வேண்டா என்று கூறலாமா? கூடாது. 1988ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், வடகடலில் பைப்பர் ஆல்பா மேடை தீப்பற்றி வெடித்தபோது 167 பேர் மாண்டனர். ஆளில்லா மேடையில் அத்தகைய விபத்து நேரின் பொருளழியும், உயிரழியாது. ஓருயிரைக் காத்தல் மனித குலம் முழுமையையும் காத்தலுக்கு ஒப்பாகும் எனக் கருதும் நாம், உயிர்காக்கும் எந்திரத்தை வெறுத்தல் முறையன்று.

எனினும், எந்திரத்தால் மிஞ்சும் ஊதியம் எவரைச் சேர்கின்றது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. வேலை முற்றிலும் அழிவதில்லை. மேடையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு இடம்பெயர்கின்றது. ஆயின், இருபது ஆண்டுகள் குழாய் முறுக்கியவர் பயிற்சியின்றிக் கணிப்பொறியின் முன் எங்ஙனம் அமர்வார்? நார்வே தொழிலாளிக்குச் சங்கமும் சட்டமும் துணை நிற்கின்றன. வளைகுடாவில் ஒப்பந்தப் பணி புரியும் நம்மவர்க்கோ, ஒப்பந்தம் முடிந்தால் பெரும்பாலும் தாயகம் திரும்புவதன்றி வேறு வழியில்லை.

எண்ணெய் வருவாயை வருங்காலத் தலைமுறைக்கெனச் சேமிக்க நார்வே 1990ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அதே நோக்கில், எந்திரம் ஈட்டித் தரும் மிகுதியில் ஒரு பங்கினைத் தொழிலாளரின் மறுபயிற்சிக்கென நிறுவனங்கள் ஒதுக்குதல் வேண்டும். அதனை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருதல் வேண்டும். உழைப்பவர்க்குரிய கூலியைத் தாமதமின்றி வழங்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி நிற்போர்க்கு இஃது அயலான கருத்தன்று.

மாணவச் செல்வங்களே! கடவுச்சீட்டு ஒன்றையே கைம்முதலாகக் கொண்டு கடல் கடந்த காலம் கழிந்து வருகின்றது. தந்தையர் தோள்வலியால் ஈட்டிய செல்வத்தில் நாம் கற்கின்றோம். எந்திரத்தை இயக்கவும் பழுது நீக்கவும் வல்ல கல்வியைப் பெற்று, அவர்தம் உழைப்புக்கு நன்றி செலுத்துவோமாக.