அருவியின் நிறம் மாறும்போது

சாரல் காலம் வந்தால் குற்றாலப் பயணத்திற்குப் பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவர். அழைத்துச் செல்லுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

கல்லூரி நாள்களில் நண்பர்களுடன் செண்பகாதேவி அருவி நோக்கி மலையேறினேன். (வனத்துறை அனுமதியின்றி இன்று அவ்வழியே செல்லலாகாது.) பாதி வழியில் ஒரு பெரியவர், "தண்ணி கலங்குது, தம்பிகளா, திரும்புங்க" என்றார். வானமோ தெளிந்திருந்தது. முணுமுணுத்தவாறே திரும்பினோம். சற்று நேரத்தில், நாங்கள் கடந்து வந்த பாறையே நீருக்குள் மறைந்தது.

அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மழை கொட்டக்கூடும். செங்குத்தான மலையில் அந்நீர் தங்காது; நிமிடங்களில் கீழிறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அது சாரல் காலமன்று, கோடை மழைக்காலம் என்பதையும் நினைவிற் கொள்க.

நீர் செந்நிறமானால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே வெளியேறுங்கள். கழற்றி வைத்த உடைகளை எடுக்கவும் நிற்க வேண்டாம். குளிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரைச்சல் கேளாது. ஆகவே பெரியவர் ஒருவராவது குளிக்காமல் கரையில் நின்று, மேலே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.