ஆகாயத்தில் ஒளிவது எங்கே?

குமராட்சி, சிதம்பரம் பக்கத்து வாலிபத் தோழர்கள் சிலர் நம்மைக் கண்ட இடங்களில் ஒரு விஷயம் கேட்கிறார்கள். வெளிநாட்டு சினிமாக்களில் நட்சத்திரங்களுக்கு நடுவே போர்க்கப்பல்கள் சண்டையிடுகின்றன. அதில் ஒரு கப்பல் திடீரென்று மாயமாய் மறைந்து எதிரியின் முதுகுக்குப் பின்னால் வந்து சுடுகிறது. இது நடக்கக்கூடியதா என்பது கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் நாம் வாய் திறக்கு முன்பே புராணப் பிரசங்கிகள் பதிலோடு வந்துவிடுகிறார்கள். "இதென்ன பிரமாதம்? இந்திரஜித்து மேகத்தில் மறைந்திருந்து இராம லட்சுமணரை நாகபாசத்தால் கட்டவில்லையா? வெள்ளைக்காரன் நம் இராமாயணத்தைப் பார்த்துத்தானே எடுத்தான்?" என்கிறார்கள். கேட்ட பையனும் புஸ்தகத்தை மூடிவிட்டுத் திருப்தியோடு தூங்கப் போய்விடுகிறான். நமது கவலையெல்லாம் அந்தத் தூக்கத்தைப் பற்றியதுதான்.

கப்பல் ஒளிவதென்பது நம் நாட்டார் அறியாத சங்கதியல்ல. போக்கிரித்தனமுள்ள கெட்டிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்துபோயிற்று. அதற்கு என்ன மந்திரம் தெரியும்? பூமி உருண்டையானபடியால் சிறிது தூரம் போனதும் கப்பல் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். மேலும், மூன்று புகைபோக்கியுள்ள அது நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி, இங்கிலீஷ் கப்பல்போல் வேஷம் போட்டு, அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தார் அன்னியக் கப்பல் வந்திருப்பதாகக் கம்பியில்லாத் தந்தி கொடுக்கவே, ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' ஓடிவந்து அதை நொறுக்கிற்று. 2010-இல் நம் கடற்படையில் சேர்ந்த 'ஷிவாலிக்' ராடாருக்கு ஒளிகிற ஜாதி. அதன் பக்கங்கள் சரிவானவை. ராடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறும். அதனால் கப்பல் காணாமற் போவதில்லை. கிட்ட வந்த பிறகே தென்படும், அவ்வளவுதான்.

ஆகாயத்திலோ அடிவானமுமில்லை, மூடுபனியுமில்லை, முழுகுவதற்குத் தண்ணீருமில்லை. ஏதாவதொரு கிரகத்தின் பின்னால் பதுங்கினால்தான் உண்டு. சிதம்பரத்தில் ஆகாயத்துக்கே ஒரு திரை போட்டு, அதை விலக்கித் தங்க வில்வ மாலையைக் காட்டி 'ரகசியம்' என்கிறார்களே, அப்படிப்பட்ட திரை நிஜ ஆகாயத்தில் கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய துரோகி சூடு. வெந்நீர் அண்டாவைத் திண்ணையில் வைத்தால் அதன் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போகும். கொள்ளிடத்தில் இறக்கினால் ஆற்றுநீர் கொண்டுபோகும். காற்றும் நீருமில்லாத வெளியில் சூடு போவதற்குள்ள வழி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வீசுவதுதான். மனிதன் உயிர்வாழும் 27 டிகிரிச் சூட்டிலுள்ள கறுப்புப் பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 460 வாட் வீசும். கறுப்புச் சாயம் பூசினால் கண்ணுக்கு மறையலாம், கதிரோ அதிகமாகும்! சுற்றிலுமுள்ள வெளி பூஜ்யத்துக்குக் கீழே 270 டிகிரிக் குளிர். ஆகவே அமாவாசை இரவில் களத்துமேட்டில் தீப்பந்தம் பிடித்து நிற்பவன் கதைதான் அந்தக் கப்பலுக்கு. இயந்திரத்தை ஓட்டினாலோ வால்நட்சத்திரம்தான்.

சூட்டை வெளியே விடாமல் உள்ளேயே அடக்கினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பு சுமார் 100 வாட் சூடு விடுகிறது. அதைப் பனிக்கட்டியில் அடக்கினால் ஒரு கிலோ சுமார் 55 நிமிஷத்தில் உருகிவிடும். நாளொன்றுக்கு ஆளுக்கு 26 கிலோ வேண்டும். நூறு சிப்பாய்களுக்கு இரண்டரை டன்னுக்கு மேல். பத்து லட்சம் வாட் கழிவுச் சூடு விடும் ஒரு இயந்திரமும் இருந்தால், அதற்கு மட்டும் தினம் 250 டன்னுக்கு மேல் பனிக்கட்டி! சில மணி நேரம் ஒளியலாம். மாதக்கணக்கான பிரயாணம் முழுதும் ஒளிய முடியாது.

ஒரு பக்கத்தை மட்டும் குளிர வைத்து, சூட்டை மறுபக்கமாகத் தள்ளுவது வாஸ்தவத்தில் முடியும். 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஐந்தடுக்குத் திரையின் நிழலில், பூஜ்யத்துக்குக் கீழே 220 டிகிரிக்கும் கீழான குளிரில் வேலை செய்கிறது. ஆனால் எதிரி எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தால்தான் இது பலிக்கும். நாலா பக்கமும் நாலு காவல் கப்பல் நிறுத்தியவனிடம் இந்த ஜம்பம் சாயாது.

நிற்க, கண்டுவிட்டதாலேயே அடித்துவிடலாமென்பதுமில்லை. கதை எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சந்திரன் இருக்கும் தூரத்திலிருந்து ஒளி இங்கு வர ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேலாகிறது. நாம் பார்ப்பது கப்பல் அப்போது இருந்த இடத்தை. அதைக் குறிவைத்து விடும் ஒளிக்கதிர் போய்ச் சேர இன்னொரு ஒன்றேகால் விநாடி. இதற்குள், கல் பூமியில் விழும் வேகப்பெருக்கத்தோடு கப்பல் ஒரு பக்கம் விலகியிருந்தால், நினைத்த இடத்துக்கு முப்பது மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும். ஆகவே அங்கு தப்ப நினைப்பவன் ஒளிந்து தப்ப மாட்டான், ஓயாமல் விலகி விலகித்தான் தப்புவான். அதற்கும் இயந்திரத்தை எரிக்க வேண்டும், எரித்தால் இன்னும் பளிச்சென்று தெரிவான்.

இப்பொழுது நம் சாஸ்திரிகளின் 'வைமானிக சாஸ்திர'த்துக்கு வருவோம். விமானிக்கு 32 ரகசியங்கள் என்றும், சூரிய கிரணத்தின் இருட்டை இழுத்து விமானத்தை மறைக்கலாமென்றும் அதில் எழுதியிருக்கிறது. பரத்வாஜ ரிஷி செய்தது என்று பிரமாதமாகப் பேசுகிறார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர்கள் ஐவர் 1974-இல் இதை ஆராய்ந்து, இது இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதப்பட்டதென்றும், அதில் கண்ட விமானங்கள் பறக்கும் யோக்கியதை இல்லாதவையென்றும் முடிவு கூறினார்கள். அப்படியிருந்தும் 2015 ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே பண்டை விமானப் பெருமை பேசும் கட்டுரை படிக்கப்பட்டது. விஞ்ஞானிகளின் மேடையிலேயே இந்தக் கதி என்றால், குமராட்சிப் பள்ளிக்கூடத்துப் பையனை நாம் குறை சொல்வதற்கில்லை.

இனி உங்கள் ஊரில் இந்திரஜித்தின் மாயப்போரை விஞ்ஞானமென்று யாராவது பேசினால், தோழர்கள் மரியாதையாக எழுந்து, அவனுடைய ரதமும் குதிரைகளும் விட்ட சூடு எங்கே போயிற்று, எத்தனை டன் பனிக்கட்டி ஏற்றினான் என்று கேட்டு வாருங்கள். வரும் பதிலை எழுதியனுப்பினால் ஓரெழுத்தும் மாற்றாமல் நமது பத்திரிகையில் வெளியிடுகிறோம்.