இருளுக்கும் காவல் வேண்டும்

லடாக்கின் ஹான்லேயில் இரவில் ஒரு காரின் முகப்பு விளக்கு முகத்தில் அடித்தால் போதும்; தொலைநோக்கி அருகே நிற்பவரின் கண்கள் மறுபடி இருளுக்குப் பழக அரை மணி நேரம் ஆகிவிடும். அப்படிப்பட்ட விளக்குகள் அங்கே பெருகி வருவது கவலைக்குரியது.

சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இக்குளிர்ப் பாலைவனத்தில் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி இயங்குகிறது. காமாக் கதிர்களின் மங்கலான மின்னலைப் பிடிக்கும் மேஸ் தொலைநோக்கியும் 2024இல் திறக்கப்பட்டது. சாங்தாங் சரணாலயத்துக்குள் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 டிசம்பரில் நாட்டின் முதல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், உள்ளூர்க்காரர்கள் 24 பேரை வானியல் தூதர்களாகப் பயிற்றுவித்துத் தொலைநோக்கிகளும் கொடுத்தது. பெரும்பாலோர் பெண்கள். பயணிகளுக்கு வானம் காட்டுவது இன்று அவர்களுக்கு வருமானம்.

அந்த வருமானத்தைத் தரும் கூட்டமே வானத்துக்கு ஆபத்தாகலாம். உலகின் மிக உயரமான வாகனச் சாலையாக 2021இல் பெயர்பெற்ற உம்லிங் லாவுக்குச் செல்வோரில் பலர் ஹான்லே வழியாகப் போகிறார்கள். கூட்டம் வந்தால் விடுதிகள் வரும். கூடவே வெள்ளை எல்.இ.டி. விளக்குகளும் வரும்.

அலட்சியத்தின் விலையைச் சொன்னவர்கள் சாதாரண மக்கள். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் வெறுங்கண்ணால் விண்மீன் பார்த்தவர்கள் அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்ததில், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியது தெரிந்தது. எட்டே ஆண்டுகளில் இரட்டிப்பாகும் வேகம் இது. செயற்கைக்கோள்கள் காட்டியதோ சுமார் 2 விழுக்காடுதான்; ஏனெனில் எல்.இ.டி.யின் நீல ஒளி அவற்றின் உணரிகளுக்குச் சரியாகப் புலப்படுவதில்லை.

ஆகவே ஹான்லே மக்களை வழிகாட்டிகளாக மட்டும் வைத்திருப்பது போதாது. வானின் இருளை மாதந்தோறும் அளந்து வெளியிடும் பொறுப்பை ஊதியத்துடன் அவர்களுக்குத் தர வேண்டும். வெளிச்சம் கூடினால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட வேண்டும். மூடியிட்ட, மஞ்சள் நிற விளக்குகள் இல்லாத கட்டடத்துக்கு அனுமதி கூடாது. இருட்டிய பின் வெளி வாகனங்களைக் காப்பக எல்லையிலேயே நிறுத்த வேண்டும். தொலைவில் எரியும் விளக்கும் அடிவானை வெளுக்கச் செய்யும் என்பதால், காப்பகத்துக்கு வெளியேயும் விதிகள் நீள வேண்டும்.

விளக்கை அணைத்த கணமே ஒளி மாசு நீங்கும். ஆனால் முதல்போட்டு விடுதிகள் எழுந்த பின், அணையுங்கள் என்று சொல்ல எந்த அரசும் எளிதில் துணியாது. விதி முதலில் வரட்டும்; கட்டடம் பிறகு வரலாம்.